கோடைக்காலச் சுற்றறிக்கை எழுதுவது எப்படி: குடியிருப்போர் சங்கச் செயலாளர்களுக்கு

கோடை தொடங்குவதற்கு முன் பெரும்பாலான குடியிருப்போர் சங்கங்கள் ஒரு சுற்றறிக்கையை வெளியிடுகின்றன. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள், குழந்தைகளை வெயிலில் விளையாட விடாதீர்கள், விடுமுறைக்கு வெளியூர் செல்வோர் வீட்டைப் பத்திரமாகப் பூட்டிச் செல்லுங்கள் என்ற மூன்று வேண்டுகோள்களும் ஆண்டுதோறும் அதில் இடம்பெறும். அவற்றில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்த பிறகு எந்த வீட்டிலும் எதுவும் மாறுவதும் இல்லை. செயலாளர் பொறுப்பில் இருந்தபோது நான் எழுதிய முதல் சுற்றறிக்கையும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, என்ன செய்ய வேண்டும், ஐயம் எழுந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்ற விவரங்கள் இல்லாத ஒரு செய்தியை அச்சிடக் கூடாது என்ற விதியை அடுத்த ஆண்டு எனக்கு நானே வைத்துக்கொண்டேன். பின்வருவன அந்த விதியிலிருந்து பிறந்தவை.

எழுத உட்காரும் முன் வளாகத்தை ஒருமுறை நடந்து பார்ப்பது அவசியம். தோட்டக்காரர், காவலாளி, மோட்டாரை இயக்குபவர் ஆகிய மூவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நிர்வாகக் குழுவினருக்குத் தெரியாத பல விஷயங்கள் அவர்களுக்குத் தெரியும். எந்தக் குழாய் ஓயாமல் சொட்டுகிறது, எந்தத் தொட்டியின் மூடி விரிசல் விட்டிருக்கிறது, எந்த வீட்டுப் பெரியவர் சில நாட்களாக வெளியே வரவில்லை என்பதையெல்லாம் ஒரு கூட்டத்தில் தெரிந்துகொள்வதைவிட இந்த நடையில் விரைவாகத் தெரிந்துகொள்ளலாம். பார்த்ததை அன்றே குறித்துக்கொண்டால் சுற்றறிக்கையின் பாதி தயாராகிவிடும்.

தண்ணீர்

சுற்றறிக்கையில் அதிக இடம் பெற வேண்டியதும் மிகக் கவனமாக எழுதப்பட வேண்டியதும் தண்ணீர் பற்றிய பகுதிதான். "நாளை தொட்டி சுத்தம் செய்யப்படுவதால் தண்ணீர் வராது" என்ற ஒரு வரியை எங்கள் வளாகத்தில் ஒருமுறை முந்தைய நாள் மாலையில் ஒட்டினோம். அன்றிரவே ஒவ்வொரு வீட்டிலும் வாளி, அண்டா, டிரம் என்று கைக்குக் கிடைத்த பாத்திரமெல்லாம் நிரப்பப்பட்டன; விடிவதற்குள் மேல்நிலைத் தொட்டி காலியாகிவிட்டது; வந்த பணியாளர்களுக்குக் கழுவி ஊற்றக்கூடத் தண்ணீர் இல்லை. எத்தனை மணி நேரம் என்று சொல்லாததால் ஒவ்வொருவரும் ஒரு நாள் முழுவதற்குமாகச் சேமித்தார்கள். குற்றம் அறிவிப்பை எழுதியவருடையது, அதாவது என்னுடையது.

எனவே மூன்று நாட்களுக்கு முன்பே அறிவியுங்கள். எல்லாக் கட்டடங்களையும் ஒரே நாளில் நிறுத்தாமல், கட்டட வாரியாகப் பிரித்து, நிறுத்தும் நேரத்தையும் மீண்டும் திறக்கும் நேரத்தையும் எழுதுங்கள். "காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, ஒரு வீட்டுக்கு இரண்டு வாளித் தண்ணீர் போதுமானது" என்று அளவையும் சேர்த்துச் சொன்னால் தேவைக்கு மேல் சேமிக்கும் ஆசை பெரும்பாலும் அடங்கிவிடும். சுத்தம் செய்த பிறகு முதலில் வரும் நீரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதைத் தரை கழுவப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதையும் குறிப்பிடுங்கள். குளோரின் சேர்த்த பின் குறைந்தது 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். வீட்டுக் குழாயில் வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். சோதனைப் பெட்டி ஒன்றைச் சங்கமே வாங்கி வைத்துக்கொண்டு, அளந்து பார்த்த எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டால், தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்ற விசாரணைகள் குறையும்.

தொட்டிக்குள் இறங்கும் பணியாளரைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட நாள் மூடிக் கிடந்த தரைக்கீழ்த் தொட்டியில் ஆக்சிஜன் குறைந்திருக்கக்கூடும். பெட்ரோலில் ஓடும் பம்ப்பை அதனுள்ளோ அதன் வாயருகிலோ இயக்கினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கும். மூடிகளைத் திறந்து போதிய நேரம் காற்றோட விடாமல் எவரையும் இறக்கக் கூடாது, வெளியே ஒருவர் நிற்காமல் தனியாக ஒருவர் இறங்கவும் கூடாது, உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க மற்றவர் குதிக்கவும் கூடாது. ஒப்பந்தக்காரரிடம் இவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்வது செயலாளரின் கடமை. சுற்றறிக்கையில் போட வேண்டியதில்லை.

சிக்கனம் பற்றி அறிவுரை எழுதுவதற்குப் பதிலாக ஒரு சோதனையைச் செய்து அதன் முடிவை எழுதுங்கள். நள்ளிரவு 12 மணிக்கு மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏறும் வழியை அடைத்து, நீர்மட்டத்தை அளவுகோலால் குறித்துக்கொண்டு, காலை 4 மணிக்கு மீண்டும் அளந்து பாருங்கள். தொட்டியின் அடிப்பரப்பு 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால், மட்டம் 1 சென்டிமீட்டர் குறைந்தாலே 60 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். எல்லோரும் உறங்கும் அந்த நேரத்தில் குறையும் நீரில் பெரும்பகுதி கசிவாகத்தான் இருக்கும். அதிலும் கழிப்பறை ஃபிளஷ் தொட்டிகளின் கசிவு சத்தமில்லாதது. அந்தத் தொட்டியில் சிறிது உணவு வண்ணத்தைக் கலந்து, ஃபிளஷ் செய்யாமல் கால் மணி நேரம் விட்டு, கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்று ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கச் சொல்லலாம். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் கசியும் குழாய் ஒரு நாளில் 86,400 சொட்டுகளை விடுகிறது. ஒரு சொட்டைக் கால் மில்லிலிட்டர் என்று கொண்டால் அது 21 லிட்டருக்கு மேல். "உங்கள் கட்டடத்தில் இரவில் நான்கு மணி நேரத்தில் இவ்வளவு லிட்டர் கசிந்தது" என்ற ஒரு வரிக்குப் பிறகு பிளம்பரைத் தேடி எத்தனை வீட்டார் அலுவலகத்துக்கு வந்தார்கள் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

தட்டுப்பாட்டுக் காலத்தில் மக்கள் தண்ணீரைச் சேமிப்பதால் கொசுவும் உடன் வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடையப் பொதுவாக 7 முதல் 10 நாட்கள் போதும். அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரம் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட கிழமையைக் கழுவும் நாளாக அறிவித்து, பூந்தொட்டித் தட்டு, பறவைகளுக்கு வைத்த கிண்ணம், ஏசி நீர் சொட்டும் வாளி ஆகியவற்றையும் பட்டியலில் சேருங்கள். பறவைக் கிண்ணத்து நீரைத் தினமும் மாற்றுவது நல்லது. இரக்கத்தோடு வைக்கப்பட்டு மறக்கப்பட்ட கிண்ணங்களில்தான் நான் அதிகப் புழுக்களைக் கண்டிருக்கிறேன்.

தனியாக இருப்பவர்கள்

1995 ஜூலையில் சிகாகோ நகரில் சில நாட்கள் நீடித்த வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். 2003 ஆகஸ்டில் பிரான்சில் சுமார் 15,000 பேர் இறந்தபோது, அது பல குடும்பங்கள் விடுமுறைக்கு வெளியூர் சென்றிருந்த மாதமாக இருந்தது. அடுத்த வீட்டில் யாரும் இல்லாத நாட்களும் கடும் வெயிலும் ஒன்றாக வருவதே கோடையின் தனிச்சிக்கல் என்பதால், சங்கம் செய்யக்கூடிய வேலைகளில் தனியாக இருப்பவர்களைத் தினமும் விசாரிப்பதற்கு இணையானது வேறில்லை என்று கருதுகிறேன்.

ஏற்பாடு எளிமையானது. தினமும் தம்மைத் தொடர்புகொள்ள வேண்டும் என விரும்புவோர் பெயர் கொடுக்கலாம் என்று அறிவியுங்கள். அந்தப் பட்டியல் இரண்டு பொறுப்பாளர்களிடம் மட்டும் இருக்கட்டும், சுற்றறிக்கையில் ஒருபோதும் வர வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அதே மாடியிலோ பக்கத்து மாடியிலோ, அவரை அழைத்து விசாரிக்கும் ஒரு துணைவீடு இருக்க வேண்டும். காலையில் ஒரு முறை, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஒரு முறை என்று இரண்டு அழைப்புகள் போதும். "நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் நலம் என்றுதான் சொல்வார்கள், ஆகவே மின்விசிறி ஓடுகிறதா, இன்று எத்தனை முறை தண்ணீர் குடித்தீர்கள், இரவு தூங்க முடிந்ததா என்று குறிப்பாகக் கேட்கச் சொல்லுங்கள். அழைப்பை எடுக்காவிட்டால் எத்தனை நிமிடம் கழித்துக் கதவைத் தட்டுவது, கதவு திறக்காவிட்டால் மாற்றுச்சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அந்தப் பெரியவரிடமே முன்கூட்டிக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

துணைவீட்டாருக்குத் தரும் குறிப்பில் சில விஷயங்களைத் தவறாமல் சேருங்கள். அறை வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மின்விசிறி உடலை மேலும் சூடாக்கும். அப்போது குளிர்ந்த அறைக்கு மாறுவதும் தோலை ஈரத்துணியால் நனைப்பதுமே உதவும். "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் ஓர் அளவு சொல்லியிருக்கலாம், அதையே பின்பற்ற வேண்டும். உடல் நெருப்பாகக் கொதிக்க, பேச்சு குழறி, இடம் நேரம் புரியாமல் ஒருவர் தடுமாறினால் அது வெப்பத்தாக்கமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை நிழலில் கிடத்தி உடலில் நீரூற்றி விசிற வேண்டும்; நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மின்தடை நேரத்தில் எந்த அறையில் மின்விசிறியோ ஏசியோ ஓடும், அது எத்தனை மணிக்குத் திறக்கப்படும், லிஃப்ட் நின்றால் மேல்மாடியில் இருப்பவர்களை அங்கே எப்படி அழைத்து வருவது என்பதையும் எழுதுங்கள். காவலாளிகளையும் துப்புரவுப் பணியாளர்களையும் இதே பகுதியில் சேர்ப்பது நியாயம். நண்பகலில் செய்யப்படும் தோட்ட வேலையைக் காலைக்கு மாற்றுவதும், வாயிற்காவலுக்கு நிழலும் குடிநீரும் தருவதும் நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானத்தில் முடியும் வேலைகள்.

பிள்ளைகளும் மாலை நேரமும்

விடுமுறை நிகழ்ச்சிகளைத் திட்டமிடுவதில் சங்கங்கள் காட்டும் உற்சாகம் முதல் வாரத்திலேயே வடிந்துவிடுவதற்குக் காரணம், ஆளுக்குமேல் வேலையை ஒரே வாரத்தில் திணிப்பதுதான். வாரத்துக்கு இரண்டு அமர்வுகள் போதும். வெளியிலிருந்து ஆசிரியர்களைத் தேடுவதற்கு முன், வளாகத்திலேயே சதுரங்கம் ஆடுபவர், தையல் தெரிந்தவர், மிதிவண்டி பழுதுபார்ப்பவர், பழைய வானொலிப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்ப்பவர் யார் என்று கேளுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அமர்வுகள் எங்களிடம் பெரியவர்கள் நடத்தியவற்றைவிட நன்றாக நடந்தன. எந்த அமர்விலும் ஒரே ஒரு பெரியவர் மட்டும் இருக்கக் கூடாது, குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்பதையும், பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரின் எழுத்து அனுமதியின்றி வெளியிடுவதில்லை என்பதையும் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

வெளி விளையாட்டைக் காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் வையுங்கள். உலோகச் சறுக்குமரமும் கருநிற ரப்பர் தரையும் வெயிலில் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடேறும் என்பதால், புறங்கையை வைத்துப் பார்த்துப் பொறுக்க முடியாவிட்டால் பிள்ளைகளை விட வேண்டாம். மாலைக் கூடுகைக்கு முடியும் நேரத்தை அச்சிடுவது, தொடங்கும் நேரத்தை அச்சிடுவதைவிட முக்கியம். சத்தம் பற்றிய சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விவரம் இல்லாததால் எழுபவை.

வெளியூர் செல்வோருக்கு

இந்தப் பகுதி சுருக்கமாக இருக்கட்டும். வீட்டின் முதன்மைக் குழாய் வால்வையும் எரிவாயுவையும் மூடச் சொல்லுங்கள், நம்பகமான ஒரு பக்கத்து வீட்டாரிடம் தொலைபேசி எண்ணைத் தரச் சொல்லுங்கள். எந்த வீடு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பூட்டியிருக்கும் என்ற விவரத்தை அறிவிப்புப் பலகையிலோ எல்லோரும் இருக்கும் கைப்பேசிக் குழுவிலோ போடக் கூடாது. அது யார் கண்ணில் படும் என்று நமக்குத் தெரியாது.

அச்சிடும் முன்

ஒரே தாளின் இரு பக்கங்களுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். பெரியவர்கள் படிக்கும்படி எழுத்து பெரிதாக இருக்கட்டும். கைப்பேசியில் அனுப்பினாலும் லிஃப்ட் அருகிலும் ஒட்டுங்கள். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தோர் பற்றிய கண்டிப்பையும், வாகனம் நிறுத்துவது பற்றிய கோபத்தையும் இந்தத் தாளில் கலக்காதீர்கள். அவற்றுக்குத் தனிக் கடிதம் உண்டு, கோபம் ஒரு வரியில் இருந்தாலும் மற்ற வரிகளைப் படிக்கும் மனம் போய்விடும். எழுதி முடித்ததும், சங்க விவகாரங்களில் அக்கறை இல்லாத ஒரு வீட்டாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, "இப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் தயங்கும் இடங்களைத் திருத்திய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

கோடை முடிந்தவுடன் அரைப் பக்கத்தில் இன்னொரு தாளும் வெளியாக வேண்டும். இரவுக் கசிவு எவ்வளவு குறைந்தது, தொட்டிச் சுத்தத்துக்கு ஆன செலவு என்ன, எத்தனை வீடுகள் துணைவீடுகளாக இருந்தன, எந்த அமர்வுக்கு யாரும் வரவில்லை என்பவற்றை அதில் எழுதுங்கள். இரண்டு தாள்களையும் தொட்டிகளின் அளவுக் குறிப்பையும் ஒரே கோப்பில் வைத்து, பொறுப்பு மாறும் நாளில் அடுத்த செயலாளரிடம் அலுவலகச் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள்.