தார் ரோட்டு விரிசலை மழைக்கு முன் அடைக்க
குடியிருப்பு வளாகத்துத் தார் ரோட்டில் விரிசல் விட்டிருந்தால், ஐப்பசி மழைக்கு முன்பே அடைத்துவிடுங்கள். அதன் வழியே இறங்கும் தண்ணீர்தான் அடியிலுள்ள ஜல்லியை இளக்கிப் பள்ளமாக்குகிறது.

முளைத்த புல்லை வேரோடு பிடுங்கி, கம்பி பிரஷால் தேய்த்து, மண்ணை ஊதி எடுங்கள். பாதி வேலை இதுதான். தூசி மேல் பிட்டுமன் எமல்ஷனை (தண்ணீரில் கலந்த தார்க் குழம்பு) ஊற்றினால் ஒட்டாது, பட்டையாக உரிந்து வரும். ஆழமான விரிசலென்றால் மேலே ஓர் அங்குலம் விட்டு மணலை நிரப்புங்கள். நன்றாகக் காய்ந்த இடத்தில் எமல்ஷனை ஊற்றுங்கள். ஊற்றும்போது பழுப்பாக இருக்கும். கறுத்தால் இறுகுகிறது என்று அர்த்தம். அப்புறம் கொஞ்சம் மணல் தூவினால் டயரில் ஒட்டாது.

முதலைத்தோல் போல வலைவலையாக வெடித்திருந்தால் இதெல்லாம் வீண்செலவு. அடித்தளமே போயிருக்கும், தோண்டித்தான் போட வேண்டும்.