ஸ்டீரியோ டிலே: எண்களைச் சரியாகப் போட்டும் சத்தம் விரியாதது ஏன்?

1980களின் கிட்டார் சத்தம் பிடித்துப்போனவர்கள் ஒரு கட்டத்தில் அந்த ஸ்டீரியோ டிலேயை, அதாவது இடமும் வலமும் பிரிந்து எதிரொலி தரும் எஃபெக்டைத் தேடிப் போவார்கள். ஒரு நோட்டை மீட்டினால் நடுவில் கிட்டார், இடப்பக்கம் ஒரு எதிரொலி, சற்றுத் தள்ளி வலப்பக்கம் இன்னொன்று. 1983இல் வந்த ரோலண்ட் எஸ்டிஇ-3000 போன்ற ரேக் பெட்டிகளை ஜோடியாக வைத்துச் செய்த வேலையை இன்று மேசை மேல் இருக்கும் ஒரே ப்ராசஸர், அதாவது பல எஃபெக்டுகளை உள்ளடக்கிய டிஜிட்டல் பெட்டி, செய்துவிடும். ஜப்பானிலிருந்து பழைய பெட்டியை வரவழைத்து, அதன் 100 வோல்ட்டுக்கும் சிங்கப்பூரின் 230 வோல்ட்டுக்கும் நடுவே ட்ரான்ஸ்ஃபார்மர் தேடும் வேலையும் மிச்சம்.

ஆனால் யாரோ சொன்ன எதிரொலி நேரங்களை மில்லி செகண்ட் மாறாமல் அப்படியே போட்டும் சத்தம் விரிவதில்லை. உடனே டிலே மாடலை மாற்றுகிறார்கள், பிறகு பெட்டியையே மாற்றுகிறார்கள். சிங்கப்பூரின் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கிட்டார் கடைகளில் ஒரு ப்ராசஸரைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்க வருகிறவர்களிடம் பேசிப் பாருங்கள், பாதிப் பேச்சு இதுவாகத்தான் இருக்கும். பெட்டியில் கோளாறு இருப்பது மிக அபூர்வம் என்பதே என் எண்ணம். ப்ராசஸருக்குள் டிலே வேலையைச் செய்யும் பகுதியான டிலே பிளாக்கில் பிரியும் இடமும் வலமும் கேட்பவர் காது வரை பிரிந்தே போகின்றனவா என்று பின்தொடர்ந்து பார்க்காததுதான் பெரும்பாலும் காரணம்.

அதற்கும் முன்னால் ஒன்று: நீங்கள் திரும்பக் கொண்டுவர நினைப்பது எந்த வகை ஸ்டீரியோ? இரண்டு பக்கமும் வேறு வேறு நேரத்தில் ஓடும் இரட்டை டிலே ஒரு வகை. ஒரே எதிரொலி இடம், வலம், இடம் என்று மாறி மாறி விழும் பிங்பாங் இன்னொரு வகை. ஒரு பக்கம் வெறும் கிட்டார், எதிர்ப்பக்கம் எதிரொலி மட்டும் என்பது மூன்றாவது. ஹெட்ஃபோனில் ஒரு காதை மட்டும் வைத்து இடப்பக்கத்தைக் கேளுங்கள், பிறகு காதை மாற்றி வலப்பக்கத்தைக் கேளுங்கள். இரண்டிலும் எதிரொலிகளின் இடைவெளி ஒன்றாக இருந்து, ஒன்றின் இடைவெளிக்குள் மற்றது சரியாக நடுவில் விழுந்தால் அது பிங்பாங். இடைவெளிகளே வேறு வேறு என்றால் இரட்டை டிலே. இதைப் பார்க்காமல் எண்களைத் தேடுவது வீண் வேலை.

சரி, இப்போது பாதை. ப்ராசஸருக்குள் பிளாக்குகளை வரிசையாக அடுக்குகிறோம். ஸ்டீரியோ டிலேக்குப் பின்னால் ஒரே தடத்தில் ஓடும் மோனோ பிளாக் ஒன்று வந்துவிட்டால் அந்த இடத்திலேயே இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை ஸ்டீரியோ பிளாக் வைத்தாலும் பிரிந்திருந்தது திரும்பி வராது. லைன் 6 ஹீலிக்ஸ் ப்ராசஸரில் ஆம்ப் பிளாக்குகள் மோனோ. டிலேயை ஆம்புக்கு முன்னால் வைத்தால் கதை அங்கேயே முடிந்தது. டிரைவ், கம்ப்ரஸர், ஈக்யூ எல்லாவற்றிலும் மோனோ வடிவமும் ஸ்டீரியோ வடிவமும் தனித்தனியாக இருக்கக்கூடும் என்பதால் டிலேக்குப் பின்னால் வரும் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். ஆம்ப், கேப் (ஸ்பீக்கர் பெட்டி) எல்லாம் முடிந்த பிறகு டிலே, அதன்பின் ஸ்டீரியோ ரிவர்ப் என்று தொடங்குவதுதான் பத்திரமான வழி. டிலேக்குப் பின்னால் டிஸ்டார்ஷன் வைத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓய வேண்டிய எதிரொலிகளும் புதிதாக மீட்டும் நோட்டும் சேர்ந்து நசுங்கிக் கலங்கிவிடும்.

அடுத்தது நேரம். மிக அதிகமாகக் கெடுவது இங்கேதான். 120 பிபிஎம் பாட்டில், அதாவது நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டில், ஒரு பீட் 500 மில்லி செகண்ட். ஒரு நிமிடத்தின் 60,000 மில்லி செகண்டை டெம்போவால் வகுத்தால் கிடைக்கும். இடப்பக்கம் 250, வலப்பக்கம் 500 என்று வைப்பவர்கள் நிறைய. கணக்குக்கு அழகாக இருக்கிறது, ஆனால் இடப்பக்கத்தின் ஒவ்வொரு இரண்டாவது எதிரொலியும் வலப்பக்க எதிரொலி விழும் அதே கணத்தில் விழுகிறது. வலப்பக்கம் ஒருமுறைகூடத் தனியாக ஒலிக்காது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது காதுக்குச் சத்தம் நடுவில் நிற்பதாகத்தான் தோன்றும். இடப்பக்கத்தை டாட்டட் எய்த், அதாவது முக்கால் பீட்டான 375 ஆக்கிப் பாருங்கள். இடம் 375, 750, 1125 என்றும் வலம் 500, 1000 என்றும் விழும். 1500இல்தான் முதன்முதலாக இரண்டும் சந்திக்கும். அதுவரை மூன்று பீட் முழுக்க ஒவ்வொரு எதிரொலிக்கும் சொந்த இடம் இருக்கிறது. அந்த விரிவு இங்கிருந்துதான் வருகிறது.

இதற்கு நேர் எதிரான தவறு, 400க்கும் 410க்கும் வைப்பது. முதல் எதிரொலியில் வித்தியாசம் வெறும் 10 மில்லி செகண்ட். இத்தனை நெருக்கத்தில் வரும் இரண்டு சத்தங்களைக் காது ஒன்றாகவே எடுத்துக்கொண்டு, முதலில் வந்த பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வைக்கும். ஹெல்முட் ஹாஸ் 1949இல் தம் ஆய்வில் விளக்கிய விஷயம் இது. அதனால் டிலே முழுக்க இடப்பக்கம் சாய்ந்ததாகக் கேட்கும். அதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி 10, 20, 30 என்று வளர்ந்து ஐந்தாவது எதிரொலியில் 50 ஆகிறது. அப்போது ஒரே நோட் தடக்தடக் என்று இரண்டாகப் பிளந்து கேட்கும். தாளம் பிசகிவிட்டதோ என்று ட்ரம்மர் திரும்பிப் பார்ப்பார்.

நம் பாட்டுகளுக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. டாட்டட் எய்த்தை எல்லா இடத்திலும் ஒட்டிவிட முடியாது. தமிழ்ப் பாட்டுகளில் நிறைய திஸ்ர நடையில் ஓடுபவை. தீபாவளி மேடைக்கு வாசிக்கும் எந்த பேண்டின் பட்டியலிலும் ஆறெட்டில் ஓடுவது சில இருக்கும். அங்கே ஒரு பீட் மூன்றாகப் பிரிகிறது. பீட் 600 மில்லி செகண்ட் என்றால் டாட்டட் எய்த் 450இல் விழுந்து, 200, 400, 600 என்று ஓடும் தாளத்தோடு மோதும். ட்ரிப்லெட் பிரிவைத் தேர்ந்தெடுத்து இடம் 400, வலம் 600 என்று வையுங்கள். 1200இல், இரண்டாவது பீட் முடிகிற இடத்தில், இரண்டும் அழகாகச் சேரும். வேகத்தைத் தட்டிக் காட்டும் டேப் டெம்போ பெடலைக் காலால் மிதிக்கும்போது பீட்டைத்தான் தட்ட வேண்டும், உள்ளே ஓடும் மூன்று மூன்றை அல்ல.

ஃபீட்பேக்கை, அதாவது ஒவ்வொரு எதிரொலியிலும் எத்தனை பங்கு அடுத்த சுற்றுக்குத் திரும்பிப் போகிறது என்ற அளவை, இரண்டு பக்கமும் ஒன்றாக விடுவதும் தவறுதான், ஆனால் யாரும் இதைப் பேசுவதில்லை. 375க்கும் 500க்கும் 40 சதவீதம் என்று வைத்தால், 1500 மில்லி செகண்டில் இடம் நான்காவது எதிரொலியில் இருக்கிறது, வலம் மூன்றாவதில். ஒவ்வொரு சுற்றும் சுமார் 8 டெசிபல் குறைவதால் அந்தக் கணத்தில் இடம் வலத்தைவிட 8 டெசிபல் தாழ்ந்துவிட்டது. வால் முழுக்க வலப்பக்கம் சாய்ந்து ஓயும். இடப்பக்கத்தை ஏறக்குறைய 50 சதவீதத்துக்கு ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே அடங்கும். எல்லாப் பெட்டியிலும் சதவீதம் ஒரே மாதிரி கணக்கிடப்படுவதில்லை என்பதால் எண்ணை நம்பாமல் கடைசி எதிரொலி எந்தப் பக்கம் மறைகிறது என்று கேட்டுத் திருத்துங்கள்.

மிக்ஸ், அதாவது மூலக் கிட்டாரோடு எதிரொலி எத்தனை பங்கு சேர்கிறது என்ற அளவு, பற்றிச் சுருக்கமாக: டிலே நேர் வரிசையில் இருந்தால் 100 சதவீதம் வைக்கக் கூடாது, மூலக் கிட்டார் காணாமல் போகும். மூலக் கிட்டார் தனி வழியில் போக, டிலே பக்கத்து இணைப்பாதையில் இருந்தால் 100தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலம் இரண்டு வழியாக வந்து சத்தம் எகிறும். எதிரொலியின் கூர்மை மூலத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். மேல் சுருதிகளை வெட்டும் ஹை கட்டை 4 அல்லது 5 கிலோஹெர்ட்ஸிலும் கீழ்ச் சுருதிகளை வெட்டும் லோ கட்டை 150 ஹெர்ட்ஸ் அளவிலும் வைத்துத் தொடங்கலாம்.

கடைசியாக, பெட்டிக்கு வெளியே. வீவக அடுக்குமாடி வீட்டில் இரவில் கிட்டார் வாசிப்பவருக்கு ஹெட்ஃபோன்தான் துணை. ஹெட்ஃபோனில் இடப்பக்கச் சத்தம் வலக் காதுக்குப் போகவே போகாது. அதனால் அங்கே கேட்கும் அகலம் எந்த அறையிலும் கிடைக்காது. ஹெட்ஃபோனில் அளவாகத் தோன்றிய எதிரொலி ட்ரம்ஸும் தபலாவும் சேர்ந்தவுடன் மூழ்கிவிடும் என்பதால் கடைசி மிக்ஸை பேண்டோடுதான் முடிவு செய்ய வேண்டும்.

பேண்டுகள் ஒத்திகைக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஜேமிங் ஸ்டூடியோக்களில் ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு ஸ்பீக்கர், இரண்டு 60 வாட் பவர் ஆம்ப், ஸ்டீரியோவுக்குத் தோதான பெட்டி. ஆனால் ப்ராசஸரின் இடக் கேபிளைச் சேனல் ஒன்றிலும் வலக் கேபிளைச் சேனல் இரண்டிலும் செருகினால் ஸ்டீரியோ வராது. முன்பக்க உள்ளீடுகள் உள்ளே ஒன்றாகக் கலந்துதான் ஸ்பீக்கர்களுக்குப் போகின்றன. பின்னால் வெளிச் சத்தத்தை நேராகப் பவர் ஆம்புக்குக் கொண்டுபோகும் ரிட்டர்ன் ஜாக் இடம், வலம் என்று இரண்டு இருந்தால் அதில் செருகுங்கள். அந்த வழியில் ஆம்பின் வால்யூம் குமிழ் வேலை செய்யாது. ஆகவே ப்ராசஸரின் அவுட்புட்டை முழுக்கக் குறைத்துவிட்டு மெதுவாக ஏற்றுங்கள், இல்லாவிட்டால் முதல் நோட்டிலேயே காது போய்விடும்.

சமூக மன்ற நிகழ்ச்சிகளில் மேடையில் உங்களுக்கு ஒரே ஒரு கேபிள்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டே போவது நல்லது. மோனோவில் பிங்பாங் தப்பித்துவிடும், சாதாரண டிலேயாகத் தாளம் கெடாமல் ஒலிக்கும். 375, 500 ஜோடியும் சமாளிக்கும், கொஞ்சம் நெரிசலாக இருக்கும், அவ்வளவுதான். 400, 410 ஜோடிக்குத்தான் ஆபத்து. 10 மில்லி செகண்ட் இடைவெளியில் ஒன்றோடொன்று கலக்கும்போது 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சத்தம் ரத்தாகி, எதிரொலி குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் வெற்றாகக் கேட்கும். ஸ்டீரியோவே கிடைத்தாலும் அகலமான மண்டபத்தில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு ஸ்பீக்கரைத்தான் கேட்கிறார். அவருக்கும் தாளம் புரிய வேண்டுமானால் பேனிங்கை (எதிரொலியை இடம், வலம் தள்ளும் அளவை) இரு ஓரத்துக்கும் தள்ளாமல் 60, 70 சதவீதத்தில் நிறுத்துங்கள். அந்த பேட்ச்சின் (சேமித்த அமைப்பின்) மோனோ நகல் ஒன்றையும் பக்கத்து ஃபுட்ஸ்விட்ச்சில் சேமித்து வையுங்கள்: ஒரே டிலே, மிக்ஸ் சற்றுக் குறைவு, ஃபீட்பேக் ஒரு படி கீழே. சவுண்ட் செக்கில் எந்தக் கேபிள் தருகிறார்கள் என்று பார்த்துவிட்டு மிதித்துக்கொள்ளலாம்.