மீலித் தக்கை எக்ஸ்ரேயில் தெரியவில்லை

டர்பனில் எங்கள் வீட்டு பிராய் (நெருப்பில் இறைச்சி சுடும் விருந்து) முடிந்த மறுநாள் நாய் வாந்தியெடுக்க ஆரம்பித்தது. எலும்பைத் தின்றிருக்கும் என்று நினைத்து எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு எதுவும் இல்லை என்றதும் நிம்மதியாகத் திரும்பினோம். மறுநாளும் வாந்தி நிற்கவில்லை. அப்புறம் அல்ட்ராசவுண்டில்தான் குடலை அடைத்திருந்த மீலித் தக்கை, அதாவது மக்காச்சோளக் கதிரின் நடுத்தண்டு, தெரிந்தது. நாய் சுட்ட மக்காச்சோளத்தைத் தக்கையோடு விழுங்கியதை என் மகன் பார்த்திருக்கிறான். டாக்டரிடம் நாங்கள் யாருமே சொல்லவில்லை.

அதுதான் முதல் தவறு. எலும்பு, உலோகம், பெரும்பாலான கற்கள் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். தக்கை, துணி, பிளாஸ்டிக் எல்லாம் குடலின் சாம்பல் நிறத்தோடு கலந்துவிடும். குடல் காற்றால் உப்பியிருப்பதை வைத்துத்தான் பல நேரம் அடைப்பை ஊகிக்க முடியும். அதனால் மாங்கொட்டையோ காலுறையோ காணாமல் போயிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பூனை தையல் நூலை விழுங்கி, ஒரு நுனி வாயில் தொங்கினால் இழுக்கவே கூடாது. உள்ளே குடல் அறுந்துவிடும்.

வாந்தி என்றால் வயிற்றை மட்டும் படம் எடுத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. நம் ஊர்ப் பக்கம் ஸ்பைரோசெர்கா என்ற புழு உண்டு. சாண வண்டையோ, அந்த வண்டைத் தின்ற பல்லியையோ நாய் தின்றால் புழு உடலுக்குள் போய், பெருந்தமனி வழியாக உணவுக்குழாய்ச் சுவரில் கட்டி உண்டாக்கும். சில கட்டிகள் புற்றுநோயாகவும் மாறும். நாய் வயிற்றை எக்காமல், தின்றதை அப்படியே வெளியே தள்ளுகிறதா? அதை போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். டாக்டர் மார்பையும் படம் எடுக்கச் சொல்வார்.

செலவை நினைத்து ஒரே கோணப் படத்தோடு நிறுத்தச் சொல்லாதீர்கள். பக்கவாட்டில் ஒன்று, மல்லாக்கப் போட்டு ஒன்று எனக் குறைந்தது இரண்டு படம் வேண்டும். ஒன்றில் மறைந்திருப்பது மற்றதில் தெரியலாம்.

பாவம், பசிக்குமே என்று கிளம்பும் முன் சோறு வைத்துவிடுகிறோம். வயிறு நிறைந்திருந்தால் சோறும் காற்றும் அல்ட்ராசவுண்டை மறைக்கும். மயக்க ஊசி போட்டால் வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. எத்தனை மணி நேரம் பட்டினி என்று முன்பே கேளுங்கள். குட்டிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ளவற்றுக்கும் கணக்கு வேறு. மயக்க ஊசிக்குப் பயந்து மறுப்பவர்களும் உண்டு. வலியில் துடிக்கும் நாயை நான்கு பேர் அமுக்கிப் பிடித்தால் அதற்கும் வேதனை, படமும் அசைந்து கெடும்.

வலி தாங்கட்டும் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், படத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள். முதலில் ஆக்சிஜன், பிறகு எக்ஸ்ரே. ஆண் பூனை சிறுநீர் வராமல் முக்கினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், இரவானாலும் கொண்டுபோங்கள்.

வேறு டாக்டரிடம் அனுப்பினால் திரையைப் போனில் படம்பிடித்துக் கொண்டு போகாமல், மூல டிஜிட்டல் கோப்பையே கேட்டு வாங்குங்கள். பிரிட்டோரியா பக்கம் ஒன்டர்ஸ்டெபூர்ட் கால்நடை மருத்துவமனை வரைக்கும் போக நேர்ந்தால், அங்கே போய் மறுபடி முதலிலிருந்து படம் எடுக்கும் செலவும் அலைச்சலும் மிச்சமாகும்.