வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் மூன்றாம் அதிகாரத்தைப் படிக்கும் முறை

தேவனுடைய நித்திய தீர்மானத்தைப் பற்றிய இந்த அதிகாரத்தில் எட்டுப் பிரிவுகள் உள்ளன. சீர்திருத்த சபைகளின் கோட்பாடுகளைத் தொகுத்து 1646-ல் லண்டனில் எழுதி முடிக்கப்பட்ட இந்த அறிக்கையை வேதபாட வகுப்பில் எடுப்பவர்கள் எட்டாம் பிரிவை முதலில் வாசிக்க வேண்டும் என்பேன். யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பதைத் தேவன் முன்பே தீர்மானித்தார் என்கிற முன்குறித்தல் என்னும் ஆழ்ந்த இரகசியத்தை மிகுந்த விவேகத்தோடு கையாள வேண்டும் என்றும், சுவிசேஷத்துக்குக் கீழ்ப்படிகிறவர்களுக்கு இது ஆறுதலாக அமைய வேண்டும் என்றும் அங்கேதான் சொல்லப்பட்டிருக்கிறது.

அடுத்து முதல் பிரிவை நிதானமாகப் படியுங்கள். நடப்பவை யாவையும் தேவன் தீர்மானித்தார் என்ற வரியோடு நிறுத்திக்கொள்பவருக்குத் தலைவிதிதான் மிஞ்சும். தேவன் பாவத்துக்குக் காரணர் அல்லர், மனிதனுடைய சித்தம் பலவந்தப்படுத்தப்படுவதில்லை, மனிதரின் செயல்கள் போன்ற இடைப்பட்ட காரணங்கள் நீக்கப்படாமல் உறுதிப்படுத்தப்படுகின்றன என்று அதே வாக்கியம் தொடர்கிறது.

இதை விளக்க அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியவில்லை. கப்பலில் இருப்பவர்களில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் சொன்னதைப் பவுல் அறிவிக்கிறார். ஆனால் கப்பலாட்கள் முன்னணியத்தில் நங்கூரம் போடுவதுபோல் பாவனை செய்து படகை இறக்கித் தப்பிக்கப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று அதே பவுல் எச்சரிக்கிறார். சேவகர்கள் படகின் கயிறுகளை அறுத்துவிடுகிறார்கள். 276 பேரும் கரைசேர்ந்தது வாக்குத்தத்தத்தின்படிதான்; அந்தக் கயிறுகள் அறுக்கப்பட்டதும் அதற்குள் அடங்கியதே. முடிவை நியமித்தவர் அதற்கான வழிகளையும் நியமித்தார் என்னும் ஆறாம் பிரிவை இந்தப் பகுதியோடு சேர்த்துப் படித்தால், ஜெபமும் பிரசங்கமும் எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஐந்தாம் பிரிவில் கருத்துவேறுபாட்டை மறைக்க வேண்டாம். ஒருவர் விசுவாசிப்பார் என்பதை முன்னறிந்து, அதனால் தேவன் அவரை இரட்சிப்புக்குத் தெரிந்துகொண்டார், அதாவது தேர்ந்தெடுத்தார், என்பதை அது மறுக்கிறது. 1618-19-ல் நெதர்லாந்தில் கூடிய சீர்திருத்த சபைகளின் டார்ட் சங்கமும், அந்தக் கருத்தைக் கொண்டிருந்த டச்சு இறையியலாளர் அர்மீனியஸைப் பின்பற்றியவர்களுக்கு எதிராக இதே முடிவைத்தான் எடுத்திருந்தது. ரோமர் 8:29-ஐயும் எபேசியர் 1:4, 5-ஐயும் திறந்து வைத்து இரு தரப்பு வாதங்களையும் கேளுங்கள். கடினமான ஏழாம் பிரிவில், தெரிந்துகொள்ளப்படாமல் தள்ளப்பட்டவர்கள் மேல் வரும் கோபம் அவர்களுடைய பாவத்தினிமித்தமே என்று எழுதியிருப்பதை யாரும் தவறவிடாதபடி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று ஒருவர் கலங்கிக் கேட்டால், விவாதத்தை அங்கேயே நிறுத்துங்கள். நம் தெரிந்துகொள்ளுதலைக் கிறிஸ்து என்னும் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும் என்று 16-ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதி கால்வின் எழுதினார். ஆகவே மறைவான தீர்மானத்தை அவர் துருவ விடாமல், தம்மிடத்தில் வருகிறவனைப் புறம்பே தள்ளுவதில்லை என்று இயேசு சொன்ன யோவான் 6:37-ஐ அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.