கடலோரம் தங்கிவிட்டு வந்த மோட்டார்ஹோம்: கழுவும்போது செய்யும் தவறுகள்

ஆஸ்திரேலியாவில், மெல்பர்னிலிருந்து கிரேட் ஓஷன் ரோடு என்னும் கடலோரச் சாலை வழியாக அப்போலோ பே போய், கடலுக்கு எதிரே இருந்த கேரவன் பார்க்கில் மூன்று இரவு தங்கிவிட்டுத் திரும்பினோம். எங்கள் வண்டி மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே படுத்துச் சமைத்து வாழ வசதியுள்ள வண்டி. அதை மணலில் இறக்கவே இல்லை. வரும் வழியில் நல்ல மழை. அதுவே கழுவிவிட்டிருக்கும் என்று வாசலில் நிறுத்திவிட்டேன். நான்கு நாள் கழித்து எதையோ எடுக்கப் போனபோது, கதவு ரப்பரின் மடிப்புக்குள் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

அன்று நான் செய்த தவறைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். "கடல் தண்ணீர் படவே இல்லையே, எதற்குக் கழுவ வேண்டும்?" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று தூக்கிவந்து வண்டியின் மேல் பூசிவிட்டுப் போகும். கரையை ஒட்டி நிறுத்தினால் ஒரே இரவு போதும். மழை கூரையையும் பக்கங்களையும் கழுவும்; அடிப்பாகத்தையும் இடுக்குகளையும் தொடாது.

காய்ந்துவிட்டால் உப்பு சும்மா கிடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் நம் வீட்டுக் கல்லுப்பு ஜாடி தண்ணீர் விடுமே, அதேதான் இங்கேயும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும் வண்டியின் அடியில் ராத்திரியெல்லாம் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்து இரும்பை அரிக்கும். ஆகவே ஊர் திரும்பிய அன்றோ மறுநாளோ கழுவிவிட வேண்டும். அடுத்த வாரக் கடைசிக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த தவறு, கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும் கழுவுவது. வெளிப்பக்கம் பளபளக்கும், உப்பு வேலை செய்வதோ சேஸிஸிலும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), சக்கர வளைவுகளுக்குள்ளும், ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையிலும், ஸ்பேர் டயர் தொங்கும் சட்டத்திலும். சக்கர வளைவுக்குள் கையை விட்டு உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே அப்பியிருக்கும் சேறு உப்பையும் ஈரத்தையும் சேர்த்துப் பிடித்துவைத்திருக்கும். அது கரைந்து போகும்வரை தண்ணீர் அடிக்க வேண்டும்.

குயின்ஸ்லாந்தில் கடற்கரை மணலில் வண்டி ஓட்டுகிறவர்கள் புல்வெளிக்குப் போடும் ஸ்பிரிங்க்ளரை வண்டிக்கு அடியில் வைத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நகர்த்தி நகர்த்திக் கழுவுவார்கள். அருமையான வழி. நானோ தரையில் ஒரு பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு கை ஹோஸாலேயே அடித்துவிடுகிறேன். எங்கள் மாநிலமான விக்டோரியாவில் கை ஹோஸின் முனையில் அழுத்தினால் மட்டும் தண்ணீர் வரும் மூடி இருக்க வேண்டும் என்பது நிரந்தர விதி. முதுகு வலிக்கும், ஆனால் அடியில் எங்கே பெயின்ட் உரிந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். இரண்டிலும், கழுவும் தண்ணீர் மழைநீர் வடிகாலுக்குள் ஓடாமல் புல்தரையில் வடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மெல்பர்னில் அந்த வடிகால் ஓடை வழியாகக் கடலுக்குத்தான் போகிறது.

சிலர் ஆசையோடு துருத்தடுப்பு எண்ணெயோ, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லேனோலின் மெழுகோ வாங்கிவந்து, சரியாகக் கழுவாமலே அடிப்பாகத்தில் பூசிவிடுகிறார்கள். இது சும்மா விடுவதைவிட மோசம். உப்பும் ஈரமும் படலத்துக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும். முதலில் கழுவி, ஒன்றிரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, அப்புறம் பூசுங்கள். பிரேக் தட்டிலும் சைலன்சர் குழாயிலும் படக்கூடாது.

"எங்கள் வண்டியின் உடம்பு அலுமினியம், துருப்பிடிக்காது" என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. சிவப்புத் துரு வராது என்பது சரி. ஆனால் அலுமினியத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு இறங்கியிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால், அந்த இடமே ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும், கரைந்துபோவது அலுமினியம்தான். எங்கள் வண்டியின் பக்கவிளக்கைச் சுற்றி, மிளகு அளவுக்குப் பெயின்ட் கொப்பளித்திருந்தது. நகத்தால் அழுத்தினேன்; உள்ளே வெள்ளை மாவு. இப்போதெல்லாம் கழுவி முடித்ததும் ஒவ்வொரு திருகுத் தலையையும் விரலால் தடவிப் பார்க்கிறேன்.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பிரஷர் வாஷரைக் கிட்டப் பிடித்து அடிக்கிறார்கள். மோட்டார்ஹோம் கார் மாதிரி இல்லை. பக்கச்சுவரில் இருக்கும் ஃபிரிட்ஜ் காற்றுத் துவாரத்துக்குள் தண்ணீர் புகுந்தால், கேஸில் ஓடும் அந்த ஃபிரிட்ஜின் பர்னரும் வயர்களும் நனையும். ஜன்னல் ஓரத்து இடுக்கை அடைத்திருக்கும் சீலன்ட் பிய்ந்தால் சுவருக்குள் தண்ணீர் இறங்கி, உள்ளே இருக்கும் மரச்சட்டம் ஊறிப்போகும். அந்தச் சேதம் வெளியே தெரிய மாதக்கணக்காகும், சரிசெய்யப் பெரும் பணமும் ஆகும். மேல்பகுதிக்குச் சாதாரண ஹோஸே போதும்.

ஜன்னல்கள் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். அவற்றைக் காய்ந்த துணியால் துடைத்தால், ஒட்டியிருக்கும் மணல் உப்புத்தாள் மாதிரி கீறிவிடும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மணலை இறக்குங்கள், பிறகு கார் ஷாம்பூவும் மென்மையான துணியும். வீட்டுக் கண்ணாடிக்கு அடிக்கும் அமோனியா கலந்த திரவம் வேண்டாம். அக்ரிலிக்கில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழும். சோலார் பேனலையும் மறக்காதீர்கள். உப்புப் படிந்தால் மின்சாரம் குறையும். வெயில் ஏறும் முன் காலையிலேயே கழுவிவிடுங்கள்.

ஜன்னல் தடத்திலும் படிக்கட்டு இணைப்பிலும் கிரீஸ் தடவுவது இன்னொரு பிழை. கிரீஸில் மணல் ஒட்டி அரைக்கும். மணலை பிரஷால் தட்டிவிட்டு, சிலிகான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும். பேட்டரி முனைகளிலும் வெளி பிளக்குகளிலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக் முழுக்கக் காயாமல் கரன்ட் கொடுக்கக் கூடாது.

கிளம்பும் அவசரத்தில் ஆனிங்கை (வண்டியின் பக்கத்தில் நிழலுக்கு விரிக்கும் துணிப் பந்தல்) ஈரமாகவே சுருட்டியிருப்போம். வீட்டுக்கு வந்ததும் விரித்து, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்துத்தான் சுருட்ட வேண்டும். விட்டால் ஒரு வாரத்தில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். அந்தக் கறை லேசில் போகாது.

எல்லாம் முடிந்ததும் வண்டியை அப்படியே நிறுத்திக் கை பிரேக்கை இழுத்துவிடாதீர்கள். நனைந்த பிரேக் கட்டை டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி, இடையிடையே பிரேக் பிடித்துச் சூடாக்கிக் காயவையுங்கள். பல நாள் நிற்கப் போகிற வண்டி என்றால் சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுக் கை பிரேக்கைத் தளர்த்திவிடுங்கள்.