பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கிறதா? வலது பக்கத்தையும் பாருங்கள்

பிரேக் மிதித்தவுடன் வண்டி இடது பக்கம் ஓடுகிறது. உடனே இடது முன்சக்கரத்தைக் கழற்றி, பேடை (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டையை) மாற்றி, டிஸ்க்கைக் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டைக்) கடைந்து, செலவும் செய்தாகிவிட்டது. ஆனால் இழுப்பு மட்டும் போகவில்லை. இந்த விஷயத்தில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்: பிரச்சினையைப் பக்கம் மாற்றித் தேடுவது.

எந்தப் பக்கத்துச் சக்கரம் அதிகமாகப் பிடிக்கிறதோ, வண்டி அந்தப் பக்கம்தான் திரும்பும். இடது பக்கம் இழுத்தால், இடது பிரேக் ஒழுங்காக வேலை செய்கிறது, வலது பிரேக் பிடிக்காமல் சும்மா இருக்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம். இடது காலிபர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) விடாமல் இறுகிக் கிடந்தாலும் இடது பக்கம் இழுக்கும்தான். ஆனால் அப்போது பிரேக் போடாதபோதும் லேசான இழுப்பு இருக்கும், அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும். இரண்டில் எது என்று பிரித்தறியாமல் ஸ்பானரை எடுக்கக் கூடாது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: வண்டி எப்போது இழுக்கிறது? எப்போதுமே இழுத்தால் டயர் காற்று, டயரின் தேய்மானம், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண அமைப்பு) என்று பார்க்க வேண்டும். பிரேக் போடும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் அது இழுப்பே இல்லை. டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை என்று அர்த்தம். பிரேக்கில் கால் வைத்தால் மட்டும் இழுக்கிறது என்று உறுதியான பிறகே மற்றதெல்லாம்.

சோதித்துப் பார்க்கும் சாலையும் முக்கியம். மழைநீர் வடிவதற்காகச் சாலைகளை ஓரம் நோக்கிச் சரித்துப் போடுவார்கள். அந்தச் சரிவே வண்டியைக் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளும். சமதளமான, ஆளில்லாத இடத்தில், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபார்த்துவிட்டு, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் சோதியுங்கள். கையை ஸ்டீயரிங்கிலிருந்து முழுக்க எடுத்துவிட்டுப் பிரேக் போட்டுப் பார்ப்பது வேண்டாத வீரம். தளர்வாகப் பிடித்தாலே தெரிந்துவிடும்.

‘இழுக்கிறதா, அலைன்மென்ட் பண்ணிடலாம்’ என்பது அடுத்த தவறு. அலைன்மென்ட் பார்ப்பது நிற்கிற வண்டியில். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் மூட்டில் இருக்கும் ரப்பர்) தேய்ந்திருந்தால், பிரேக் போடும்போதுதான் அந்தச் சக்கரம் பின்னால் நகர்ந்து கோணம் மாறும். மெஷினில் எல்லா அளவும் சரியாகவே காட்டும், சாலைக்கு வந்ததும் பழைய கதைதான். பிரேக் போடும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தமும் சேர்ந்து வந்தால், முதலில் புஷ்ஷை நெம்பிப் பாருங்கள்.

இன்னும் சிலர் உடனே பிளீடிங் (பிரேக் ஆயில் ஓடும் லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது) செய்யச் சொல்வார்கள். லைனில் காற்று புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பெடல் கெட்டியாக இருந்து வண்டி மட்டும் இழுத்தால், பிளீடிங்கால் பெரிதாக எதுவும் மாறப் போவதில்லை.

பழைய பேடுகளைக் கழற்றியதும் குப்பையில் போடுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. அவைதான் சாட்சி. முன்சக்கரங்களின் நான்கு பேடுகளையும் எது எங்கிருந்து வந்தது என்று குறித்து வரிசையாக வையுங்கள். ஒரு சக்கரத்தில் உள்பக்கப் பேடு நன்றாகத் தேய்ந்து வெளிப்பக்கப் பேடு புதிதுபோல இருந்தால், காலிபர் நகர்கிற ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. ஒரு பக்கத்தின் இரண்டு பேடும் தேயவே இல்லை, மறுபக்கத்தில் இரண்டும் தேய்ந்திருக்கிறது என்றால், தேயாத பக்கத்தில் பிஸ்டனோ (காலிபருக்குள் பேடைத் தள்ளும் உருளை) ஹோஸோ (காலிபருக்குப் பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். அல்லது தேய்ந்த பக்கம் விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கலாம். எது என்று வெப்பம் சொல்லிவிடும். சில தடவை பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, தொடாமல் வெப்பம் அளக்கும் கருவியால் இரண்டு டிஸ்க்கையும் பாருங்கள். குளிர்ந்திருப்பது சோம்பேறிப் பக்கம். பிரேக்கே போடாமல் ஓட்டி வந்தும் ஒன்று சூடாக இருந்தால் அது உரசுகிறது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், டிஸ்க் தோலைப் பொசுக்கிவிடும்.

ரப்பர் ஹோஸை யாரும் சந்தேகிப்பதில்லை, வெளியே பளபளவென்று இருக்குமே! உள்சுவர் உப்பி வழி குறுகியிருந்தால் அந்தச் சக்கரத்துக்கு அழுத்தம் தாமதமாகப் போகும், தாமதமாகவே திரும்பும். அதனால் பிரேக் போட்ட கணத்தில் ஒரு பக்கம் இழுக்கும், மிதித்தே இருந்தால் சரியாகும், காலை எடுத்ததும் எதிர்ப்பக்கம் இழுக்கும். இப்படி நடந்தால் ஹோஸ்தான் முதல் குற்றவாளி. சக்கரம் விடாமல் இறுகியிருந்தால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள்) பிளீடிங் நிப்பிளைச் (காலிபரில் காற்றை வெளியேற்றும் சிறு திருகைச்) சற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் சுற்றினால் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது, ஹோஸைப் பாருங்கள். அப்போதும் சுற்றவில்லை என்றால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பிறகு பிளீடிங் கட்டாயம்.

பழுது பார்க்கும்போதே புதுப் பழுதை உண்டாக்குவதும் உண்டு. ஸ்லைடு பின்னுக்குக் கையில் கிடைத்த சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் உப்பி, பின் மறுபடி இறுகும். பிரேக்குக்கென்று இருக்கும் சிலிகான் கிரீஸ்தான் வேண்டும். எண்ணெய் ஊறிய பேடை உப்புத்தாளால் தேய்த்தோ தீயில் வாட்டியோ திரும்பப் போடாதீர்கள். கசிவை அடைத்துவிட்டுப் புதிதாக மாட்டுங்கள், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் புதுப் பேடு போட்டால் அதுவே இழுப்புக்குக் காரணமாகும். காலிபரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். இடது வலது காலிபரை மாற்றி மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும், எத்தனை முறை பிளீடிங் செய்தாலும் காற்று வெளியேறாது.

இழுப்போடு பெடலும் வழக்கத்தைவிடக் கீழே போகிறது, அல்லது சிவப்பு பிரேக் விளக்கு எரிகிறது என்றால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். பல கார்களில் பிரேக் லைன் இரண்டு சுற்றுகளாகக் குறுக்காகப் பிரிந்திருக்கும்: முன் இடதும் பின் வலதும் ஒன்று, மற்ற இரண்டும் இன்னொன்று. ஒரு சுற்று போனால் மிச்சமிருப்பது ஒரு முன்சக்கர பிரேக்கும் அதற்குக் குறுக்கே இருக்கும் பின்சக்கர பிரேக்கும் மட்டும்தான். அந்த வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ரோலர் பிரேக் டெஸ்டர் (சக்கரங்களை உருளைகளில் சுற்றவிட்டுப் பிரேக் பிடிப்பை அளக்கும் கருவி) இருக்கிற இடமாக இருந்தால், இடது வலது சக்கரங்களின் பிடிப்பு அளவைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.