பிரேக் பேட் முதல் ஃபோர்க் சீல் வரை: மோட்டார் சைக்கிளுக்கு வீட்டிலேயே செய்யும் பராமரிப்பு

பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட்டை உடனே மாற்றிவிடுபவர்கள் உண்டு. கழற்றிப் பார்த்தால் பேட்டில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். சேறும் பேட் தூளும் கலந்து, பேட்களைத் தாங்கும் காலிப்பருக்குள் கெட்டிப்பட்டதுதான் பல நேரங்களில் காரணம். பிரேக், சஸ்பென்ஷன் இரண்டிலும் வீட்டில் செய்யும் வேலையில் முக்கால்வாசி, உற்றுப் பார்ப்பதும் அழுக்கைத் துடைப்பதும்தான். பாகங்களை மாற்றுவது அதற்கு அடுத்த கட்டம்.

கீழே உள்ளவை முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம், வழக்கமான ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய் சஸ்பென்ஷன்) கொண்ட வண்டிக்கானவை. உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

தேவையானவை: ஸ்பேனர், ஆலன் கீ செட், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில் முடுக்குகிறோம் என்று காட்டும் ரெஞ்ச்), பழைய பல் துலக்கும் பிரஷ், பிரேக் கிளீனர், பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ், ஊசி இல்லாத சிரிஞ்ச், நிறையப் பழந்துணி, ஒரு வாளித் தண்ணீர். சுத்தம் செய்ய பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். காலிப்பருக்குள் இருக்கும் ரப்பர் சீல் அவற்றில் ஊறி உப்பிவிடும்.

படி 1: கழற்றும் முன் பாருங்கள்

சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, டிஸ்க் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். டார்ச் அடித்துக் காலிப்பரின் இடுக்கு வழியே பார்த்தால் இரண்டு பேட்களும் தெரியும். உராயும் பகுதியில் தேய்மானத்தைக் காட்டும் பள்ளம் இருக்கும். அது மறைந்திருந்தாலோ, மிச்சமுள்ள கனம் ஒரு மில்லிமீட்டரை நெருங்கிவிட்டாலோ புதிய பேட் போட வேண்டும்.

ஒரு பேட் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரண வண்டிகளில் காலிப்பர் இரண்டு பின்களின் (pin, உருளைக் கம்பி) மேல் பக்கவாட்டில் நகரும். அந்தப் பின்கள் இறுகிவிட்டால் ஒரு பேட்தான் முழு வேலையையும் செய்யும். அப்போது பேட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதேபோல ஒருபக்கமாகத் தேயும்.

பிரேக் ஆயில் தொட்டியில் மட்டம் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய, அதை அழுத்தும் பிஸ்டன் வெளியே வரும்; அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். மட்டம் குறைவது பெரும்பாலும் பேட் தேய்ந்ததற்கான அடையாளம். பேட் நன்றாக இருந்தும் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

படி 2: காலிப்பரைச் சுத்தம் செய்து பேட் மாற்றுதல்

பேட்டைப் பிடித்திருக்கும் பின்னை, காலிப்பர் ஃபோர்க்கில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள். கழற்றிய பிறகு கையில் பிடித்துக்கொண்டு திருகினால் அது அசையாது. பிறகு காலிப்பரின் இரண்டு போல்ட்களையும் எடுத்து, காலிப்பரை டிஸ்க்கிலிருந்து விலக்குங்கள். பிரேக் ஹோஸில் அதைத் தொங்கவிடக் கூடாது. ஒரு கயிற்றால் ஹேண்டில்பாரில் கட்டிவையுங்கள். காலிப்பர் வெளியே இருக்கும்வரை பிரேக் லீவரை யாரும் தொடக் கூடாது. பிடித்தால் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

பேட்களை எடுத்ததும் பிஸ்டனைக் கவனியுங்கள். வெளியே தெரியும் பகுதியைச் சுற்றிக் கருப்பாகப் படிந்திருக்கும். இதை அப்படியே உள்ளே தள்ளுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அந்தப் படிவு சீலுக்குள் புகுந்து, பிஸ்டன் திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரும் பல் துலக்கும் பிரஷும் கொண்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துத் துடையுங்கள். அதன்பின் ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து, மட்டம் மேலே இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிட்டு, பிஸ்டனை விரலாலோ பழைய பேட்டை வைத்தோ சீராக அழுத்துங்கள். நேராகப் போக வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம்.

நகரும் பின்களைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். பேட்டின் உராயும் பக்கத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளி கிரீஸ்கூடப் படக் கூடாது. டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு அதன் மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்தைப் படியுங்கள். டிஸ்க் அதைவிட மெலிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். புதிய பேட்களைப் பொருத்தி, போல்ட்களைக் கையேட்டில் உள்ள நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள்.

இப்போது வண்டியை நகர்த்துவதற்கு முன், லீவர் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்துங்கள். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் பேட்டைத் தொடும்வரை பிரேக் அறவே பிடிக்காது. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இதை மறந்தவர், முதல் திருப்பத்தில் வெற்று லீவரைத்தான் பிடிப்பார். பிறகு ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து மூடியைப் போடுங்கள்.

புதிய பேட் டிஸ்க்கோடு படிய முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும். ஆளில்லாத சாலையில் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைப்பதைச் சில முறை, இடைவெளி விட்டுச் செய்யலாம்.

படி 3: பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த பிறகு அதற்கான குறைந்தபட்ச அளவு 155தான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி, உள்ளே ஆவி உண்டானால் லீவர் பஞ்சாகிவிடும். அதனால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். சீல் உடைக்காத புதிய டப்பாவே வேண்டும். தொட்டியின் மூடியில் எழுதியிருக்கும் வகையை மட்டுமே ஊற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, மற்றவற்றோடு சேராது.

காலிப்பரின் நிப்பிளில் (ஆயிலை வெளியேற்றும் சிறு திருகு) உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவையுங்கள். லீவரை அழுத்திப் பிடியுங்கள், நிப்பிளைக் கால் சுற்றுத் திறவுங்கள், மூடுங்கள், அதன் பிறகுதான் லீவரை விடுங்கள். தெளிந்த ஆயில் குமிழி இல்லாமல் வரும்வரை இதே வரிசை. இடையில் தொட்டி வற்றினால் காற்று புகுந்து, எல்லாம் முதலிலிருந்து. ஆயில் பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். வாளித் தண்ணீர் அதற்குத்தான், உடனே ஊற்றிக் கழுவுங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் காற்று புகுந்துவிட்டால் சர்வீஸ் சென்டரில் காட்டுவதே நல்லது.

படி 4: பின் டிரம்

பெடலின் வெற்று அசைவு, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் பெடல் இறங்கும் தூரம், பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர். பின்னால் உள்ள நட்டைத் திருகிச் சரிசெய்யுங்கள். சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். பிரேக்கை அழுத்தும்போது, டிரம்முக்கு வெளியே உள்ள பிரேக் ஆர்மில் இருக்கும் அம்புக்குறி எல்லைக்கோட்டைத் தொட்டால், உள்ளே உராயும் ஷூ தீர்ந்துவிட்டது. டிரம்மைத் திறந்தால் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

படி 5: ஃபோர்க்

முன்பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை அமுக்கி விடுங்கள். ஃபோர்க் ஒரே சீராக எழுந்து நிற்க வேண்டும். குதித்துக்கொண்டே இருந்தால் உள்ளே ஆயில் பழையதாகியிருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். பளபளக்கும் குழாயில் எண்ணெய் வளையம் படிந்திருந்தால் சீல் கசிகிறது. உடனே சீல் வாங்க ஓடாதீர்கள். டஸ்ட் சீலை மெதுவாக நெம்பி மேலே ஏற்றி, பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து வெட்டிய பட்டையைக் குழாய்க்கும் ஆயில் சீலுக்கும் நடுவே செருகி ஒரு சுற்று இழுத்து வாருங்கள். மாட்டிக்கொண்ட மணல் துகள் வெளியே வந்தால் கசிவு நின்றுவிடுவதும் உண்டு. நிற்காவிட்டால் சீலை மாற்றத்தான் வேண்டும். குழாயில் துருக்குழி இருந்தால் புதிய சீலையும் அது கிழிக்கும்.

கசிந்த எண்ணெய் டிஸ்க் வழியாக பேட்டில் ஏறியிருந்தால் அந்த பேட்டைத் தூக்கி எறியுங்கள். எரித்துச் சுத்தம் செய்யலாம் என்பார்கள். நான் அதை நம்புவதில்லை.

படி 6: பின் ஷாக் அப்சார்பர்

சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும்போது, ஆக்சிலிலிருந்து அதற்கு நேர் மேலே வால்பகுதியில் ஒரு புள்ளி வரை அளந்து குறியுங்கள். பிறகு ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நீங்கள் ஏறி உட்கார, இன்னொருவரை அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் மேலும் கீழும் நகரும் மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால் சரி. மொத்தம் 120 மில்லிமீட்டர் என்றால் 30 முதல் 40. அதிகம் அமுங்கினால் பிரிலோடு வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் வளையம்) ஒரு படி ஏற்றி மீண்டும் அளக்கவும். இரட்டை ஷாக் என்றால் இருபக்கமும் ஒரே படி. வளையத்தை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நினைக்கிறார்கள். ஸ்பிரிங் அதேதான், வண்டி உட்காரும் உயரம்தான் மாறுகிறது.

முன்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை நிறுத்தி, ஃபோர்க்கின் கீழ்முனையை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக்கென்று தட்டினால் ஸ்டியரிங் பேரிங் தளர்ந்திருக்கிறது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் அசைவது வீல் பேரிங்காகவோ ஸ்விங் ஆர்ம் புஷ்ஷாகவோ இருக்கும். இவை மெக்கானிக்கிடம் போக வேண்டியவை. கேஸ் நிரப்பிய ஷாக்கையும் வீட்டில் திறக்காதீர்கள். உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது.